கூட்டத்தில் நான் பேசியது

இர்பித்
வியாழக்கிழமை

அன்புள்ள ரபாபுக்கு,

உனக்கும் உன் அண்ணன் முஸ்அபுக்கும் அவர் வீட்டாருக்கும் இறைவன் அமைதியைத் தரட்டும். அகபாவில் இன்னும் வெயில் அடிக்கும் என்று நினைக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மண்ணெண்ணெய் ஹீட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். திரி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு உனக்கு எழுதியதோடு சரி, அதன்பின் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. உன் அண்ணனுக்குப் பலமுறை போன் செய்துவிட்டேன். முந்தாநாள் அவர் சொன்னது இதுதான்: "நாயிஃப், அவ உன்கூட பேசமாட்டாளாம். பேச்சுன்னு வந்தா எப்பவும் நீதான் ஜெயிப்பியாம். சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதி அனுப்பச் சொல்றா." அதனால்தான் எழுதுகிறேன். அகபா பேருந்து ஓட்டும் உன் சித்தப்பா மகன் லுவாய் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டுச் செய்தி சொல்லிவிடுகிறேன். உன் ஊரிலிருந்து இந்த வருடத்து ஆலிவ் எண்ணெய் வந்துவிட்டது. தகர டின்களை எங்கே வைப்பாய் என்று தெரியாமல் சமையலறை நடுவிலேயே வைத்திருக்கிறேன், இடறிக்கொண்டே நடக்கிறேன். நம் மகன் வாயில் ருமேனியாவிலிருந்து போன் செய்தான். அம்மா எங்கே என்றான். குளிக்கிறாள் என்றேன். மறுநாளும் செய்தான். மறுநாளும் நீ குளித்துக்கொண்டுதான் இருந்தாய். எதிர்வீட்டு உம்மு ஸாரி கேட்டபோது, உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வேளைத் தொழுகையிலும் அவளுக்காக துஆ செய்வதாக உம்மு ஸாரி சொல்லியிருக்கிறாள். நன்றாக இருக்கிற உன் அண்ணிக்கு என் பொய்யால் இப்படி ஒரு லாபம்.

ரபாப், நகராட்சிக் கூட்டத்தில் நீ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நடந்ததை நீயே பார்த்தாய். ஆனால் முன்னால் நின்று பேசியவனுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

உன் பள்ளிக்கு இடம் போதாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு பெஞ்சில் நாலு பிள்ளைகள் உட்காருவதையும் மாடிப்படிக்கு அடியில் ஒரு வகுப்பு நடப்பதையும் நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். திவாலாகிப் பூட்டிக் கிடக்கிற மேசை நாற்காலிக் கடையை உங்கள் முதல்வர் அஸ்மஹான் அம்மா விலைக்குக் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கடை சந்தைத் தெருவைப் பார்த்து நிற்கிறது. அந்த மனை வணிக மனை. அதைப் பள்ளி மனையாக மாற்றினால் காலையிலிருந்து பள்ளி விடும்வரை தெருவுக்குள் லாரி நுழையக் கூடாது. ஹூக்கா வைத்திருக்கிற காபிக் கடைகள் இடம் மாற வேண்டும். எங்கள் பிழைப்பு அந்தத் தெருவில் இருக்கிறது. வியாபாரிகள் எல்லோரும் என் பிரிட்ஜ் கடையில் கூடியபோது நகைக்கடை அபூ ஷாகிர் என் தோளைத் தட்டி, "அபூ வாயில், நமக்கு வக்கீல் எதுக்கு? உன் வாய் போதாதா?" என்றார். எனக்கு அது இனித்தது. ஒளிப்பானேன்?

கூட்டத்தன்று நான் தயாரித்துக்கொண்டு போனது வாகன நெரிசலையும் வாடகையையும் பற்றிய பேச்சு. ஆனால் அஸ்மஹான் அம்மா முதலில் பேசினார். எப்படிப் பேசினார்! பெற்றோர்கள் கைதட்டினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தலைமைப் பொறியாளரே தலையாட்டினார். அபூ ஷாகிர் என் விலாவில் இடித்து, "போச்சு, எல்லாம் போச்சு. எழுந்திரி" என்றார். எழுந்தேன். வாடகையைப் பற்றி ஆரம்பித்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நீ வசந்தகாலத்தில் நம் சமையலறையில் அழுதுகொண்டே சொன்னது என் நாக்கு நுனிக்கு வந்தது.

முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு வலிப்பு வந்ததையும், ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டதையும், டீச்சர் ஒருத்தி அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காய்கறி வண்டிகளுக்கு நடுவே ஓடியதையும் சொன்னேன். "இருக்கிற பிள்ளைகளையே காப்பாத்த முடியாத தெருவுல இன்னும் முந்நூறு பிள்ளைகளைக் கொண்டுவந்து வெக்கப்போறாங்களாம். இதை ஏன் இவங்க உங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. கட்டுக்கதை இல்லை என்று காட்ட, "பேரு சொல்லமாட்டேன். நம்ம தெருவுல முடிவெட்டுறவர் வீட்டுப் பொண்ணுதான்" என்றேன்.

தெருவில் முடிவெட்டுகிறவர் கல்தூன் ஒருவர்தான். பெயர் சொல்லாமல் விட்டதற்காக அந்த நிமிடம் என்னை நானே மெச்சிக்கொண்டேன், ரபாப்.

பெற்றோர் நடுவிலிருந்து கல்தூனின் மனைவி ஃபத்வா எழுந்தாள். முக்காட்டை இழுத்து வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். நீ அவள் பின்னால் ஓடினாய். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பிறகு நகராட்சிக் குழுவினரைக் கை தூக்கச் சொன்னார்கள். பள்ளியின் மனு தள்ளுபடியானது. வியாபாரிகள் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். அபூ ஷாகிர் தட்டு நிறைய குனாஃபா இனிப்பு வரவழைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன். சூடாக இருந்தது, இரண்டாவது துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கடைக்கு மேலே வீட்டுக்கு ஏறி வந்தபோது நீ பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தாய். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். நம்ம வீட்டுக்குள்ள நான் சொன்னதை நீங்க சந்தையில வித்துட்டு வந்துட்டீங்க" என்றாய்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை, ரபாப். நடந்ததைத்தான் சொன்னேன்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாமா என்று தோன்றியது. இருக்கட்டும், என் லட்சணம் உனக்குத் தெரியட்டும். லுவாயிடம் ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்பு. திட்டினாலும் சரி.

உன்,
நாயிஃப்

*

இர்பித்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரபாபுக்கு,

நீ நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

லுவாய் வந்தான். நீ எழுதி எதுவும் தரவில்லை என்றான். "அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. ஃபத்வா வீட்டுக்குப் போகச் சொல்லுன்னாங்க" என்றான். நீ சொல்லித்தான் போக வேண்டியிருந்தது. இங்கிருந்து கல்தூன் கடை கூப்பிடு தூரம். நீ போன நாளிலிருந்து அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போய்வந்தேன். முடிகூட வளர்ந்து காதை மூடிவிட்டது.

அபூ ஷாகிரிடம் சொன்னேன். "தனியா எதுக்குப் போற? நாலு பெரியவங்களைக் கூட்டிக்கிட்டுப் போவோம். ஒரு காபி, ஒரு மன்னிப்பு, அதோட முடிஞ்சுது" என்றார். அப்படிச் செய்யலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பிறகு, நாலு பெரியவர்கள் போய் உட்கார்ந்தால் ஃபத்வாவால் இல்லை என்று சொல்ல முடியாது என்பது உறைத்தது. மறுபடியும் கூட்டம் சேர்த்துக்கொண்டு அவளை ஜெயிப்பதா? தனியாகப் போனேன். இனிப்பு வாங்க நினைத்து, அந்தக் கடை வாசல்வரை போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

கல்தூன்தான் கதவைத் திறந்தார். இத்தனை வருடமாக என் கழுத்தில் கத்தி வைத்துச் சிரித்துப் பேசிய மனிதர். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளிருந்து ஃபத்வாதான், "வரட்டும், விடுங்க" என்றாள்.

பெரிய பெண் ரீனாத் காபி கொண்டுவந்து வைத்தாள். கேட்க வந்தது கிடைக்கும்வரை குடிக்கக் கூடாது என்பதால் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்தேன். ஃபத்வா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குடிங்க, ஆறிடும். அந்த வழக்கமெல்லாம் கொலை பண்ணினவனுக்கும் செத்தவன் வீட்டுக்கும் நடுவுல. இங்க யாரும் சாகலை. நீங்க குடிச்சாலும் குடிக்காட்டியும் உங்களுக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை."

குடித்தேன்.

உனக்குத் தெரிந்திருக்கும், ரீனாதுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கூட்டம் முடிந்து நாலைந்து நாளில் மாப்பிள்ளையின் அம்மா வந்தாளாம். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு எழுந்திருக்கும்போது, "இந்த வலிப்பு உங்க குடும்பத்துல பரம்பரையா வர்றதா, இல்லை சின்னவளுக்கு மட்டும்தானா?" என்று கேட்டாளாம். கல்யாணத்துக்கு அவசரமில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்றாளாம். ஃபத்வா இதைச் சொல்லும்போது ரீனாத் கதவோரமாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் தரைவிரிப்பின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்காகப் போறவன் போகட்டும்" என்றாள் ஃபத்வா. "அவன் போனா எம்பொண்ணுக்கு நல்லதுதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். எங்க வீட்டுச் சேதி எப்ப தெருவுக்குப் போகணும், யார்கிட்ட போகணும்னு நான்தானே சொல்லணும்? நீங்க யாரு சொல்றதுக்கு?"

பேச்சில் நான் எப்போதும் ஜெயிப்பேன் என்று சொன்னாயே, அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

சின்னவள் தீமா சன்னலோரத்தில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ஃபத்வா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். மற்ற பிள்ளைகள் அவளைப் போலவே விழுந்து கைகால் உதறி விளையாட ஆரம்பித்துவிட்டார்களாம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க ரபாப் டீச்சர் வீட்டுக்காரர்தானே? டீச்சர் எங்க போனாங்க?" என்றாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். "அவங்களுக்கும் ஸ்கூல் வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்றாள். ரீனாத் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, நான் தெருவைப் பழிக்க ஆரம்பித்தேன். இந்தத் தெரு நெரிசலே இப்படித்தான், அன்றைக்கு ஆம்புலன்ஸை மறித்த அந்த லாரி மட்டும் வழியில் நிற்காமல் இருந்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது என்றேன். ஃபத்வா என்னையே பார்த்தாள். கல்தூனும் பார்த்தார். அவள் மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அது என் லாரி.

நீ பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்று கத்தினாய். உன் காலணி ஒன்று எங்கோ கழன்று விழுந்திருந்தது. டிரைவர் புதியவன், நீ யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் எனக்குப் போன் செய்தான். கையில் பிரிட்ஜின் கயிறு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் படியில் வைத்தான். "ஹாஜி, ஒரு டீச்சர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்துறாங்க" என்றான். தன் பெண்ணைப் பார்க்கக் கல்தூனின் கடையிலிருந்து ஓடிவந்த ஃபத்வா உன் பக்கத்தில் நின்றாள். என் குரல் உங்கள் இருவர் காதிலும் விழுந்தது: "டீச்சருங்க எப்பவும் கத்துவாங்க. கத்தட்டும். பிரிட்ஜை இறக்கிட்டு எடு."

ஃபத்வா என் குரலைப்போலவே சொல்லிக் காட்டினாள். ஏளனத்துக்காக அல்ல. அப்படியே அவள் காதில் நின்றுவிட்டது போலிருக்கிறது.

அந்தப் போன் எனக்கு நினைவிருக்கிறது, ரபாப். நான் அம்மான் நகரில் பிரிட்ஜ் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தேன். கையில் தேநீர். அதைச் சொல்லிவிட்டு ஏஜென்டைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் சிரித்தார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நீ வேறு எதுவும் சொல்லவில்லையாம். என் பெயரைச் சொல்லி டிரைவரை மிரட்டியிருக்கலாம். அதற்கும் நேரமில்லை என்று லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடினாயாம்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கண் விழித்த பிறகு, இதை வெளியே சொல்லிவிடாதீர்கள், என் பெரிய பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது என்று ஃபத்வா உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். நீ சத்தியம் செய்தாயாம். செய்துவிட்டு, "எனக்கும் ஒரு சத்தியம் வேணும் ஃபத்வா. அது யாரோட லாரின்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாயாம்.

"கூட்டத்துல நீங்க பேசினப்ப நான் அங்கதான் உக்காந்திருந்தேன்" என்றாள் ஃபத்வா. "நான் எந்திரிச்சுக் கத்தியிருக்கலாம். அவ்வளவு பேருக்கு முன்னாடி, 'அது உன் லாரிடா'ன்னு ஒரு வார்த்தை. நீங்க எப்படி ஜெயிச்சிருப்பீங்கன்னு பார்த்திருப்பேன். ஆனா சத்தியம் பண்ணியிருந்தேனே. அங்கயே இருந்தா வாய் சொல்லிடும்னுதான் வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போனேன்." பிறகு, "லாரிக்காரர்கிட்டயே லாரியைப் பத்திச் சொன்னா சத்தியம் மீறினதாகாதுல்ல?" என்று கேட்டாள். கேலியா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்தூன் மாடிப்படிவரை வந்தார். படியில் விளக்கு இல்லை, பார்த்து இறங்குங்கள் என்றார். அந்த அளவுக்கு இரக்கம் எனக்குத் தாங்கவில்லை.

எனக்குத் தெரியாது என்று உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது முழு உண்மை அல்ல. அன்று மாலை நீ சமையலறையில், "ஒரு லாரி நின்னுது" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். வெகுநேரம் பார்த்தாய். எந்த லாரி என்று நான் கேட்கவில்லை. காலையில் என் சரக்கு இறங்கியது எனக்குத் தெரியும். டிரைவர் போன் செய்தது தெரியும். டீச்சர் என்று அவன் சொன்னது தெரியும். இத்தனையும் தெரிந்தவனுக்கு மிச்சம் தெரியாமல் போனது எப்படி? நான் கேட்டதெல்லாம், "பிள்ளை பிழைச்சுடுச்சா?" என்பதுதான். நீ ஆமாம் என்றாய். "அப்புறம் என்ன, அழாதே, சாப்பாடு எடுத்து வை" என்றேன்.

நீ எடுத்து வைத்தாய். நானே சொல்லுவேன் என்று அப்போது காத்திருந்தாயோ என்னவோ. நான் சொல்லவில்லை. பதிலுக்கு, நீ அழுததைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் பேசினேன்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். திரும்பி வா என்று இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன். எந்த முகத்தோடு கேட்பது?

நாயிஃப்

*

இர்பித்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரபாபுக்கு,

உனக்கு நலம் உண்டாகட்டும். லுவாய் கையில் நீ கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. துணிகளோடு தவறி வந்துவிட்டது என்று சொன்னாயாம். சரி, தவறியே வந்ததாக இருக்கட்டும். போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வாயிலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்பா, அம்மா இத்தனை நாளா குளிக்கலைன்னு எனக்கும் தெரியும்" என்றான். உம்மு ஸாரியிடமும் சொன்னேன். அவள் உன் அண்ணிக்குச் செய்த துஆவைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லையாம்.

வியாபாரிகளை மறுபடி கூட்டினேன். அந்த லாரி என்னுடையது என்றும் நகர்த்த வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்றும் சொன்னேன். பெரிய அமைதி வரும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. "சரி, யாரோட லாரியா இருந்தா என்ன? ஜெயிச்சாச்சு, விடு" என்றார்கள். மனுவை மறுபடி விசாரிக்கச் சொல்லி நகராட்சிக்குப் போகப்போகிறேன் என்றதும்தான் சூடு பிடித்தது. அபூ ஷாகிர் எழுந்து நின்று, "பொண்டாட்டி அகபாவுக்குப் போனதும் இவன் மூளையும் அதே பஸ்ஸுல ஏறிப் போயிடுச்சு. இனிமே இவனை அபூ வாயில்னு கூப்பிடாதீங்கப்பா. உம்மு வாயில்னு கூப்பிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாயிலின் அப்பாவை வாயிலின் அம்மா என்று உன் பெயரால் கூப்பிட்டது அவருக்கு ஏச்சாகப் பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு நான் தகுதியில்லை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் பள்ளியின் பின்சுவரை ஒட்டி என் கிடங்கு இருக்கிறது. அதன் மறுபக்கம் கீழ்ச்சாலை. அகலமான சாலை, கடைகள் இல்லை, எந்த வண்டியும் நிற்காமல் வரலாம். சுவரை இடித்து அந்த வழியே வாசல் வைத்தால் பிள்ளைகள் சந்தைத் தெருவுக்கே வர வேண்டியதில்லை. மேசை நாற்காலிக் கடையை வகுப்புகளாக மாற்றிக்கொண்டு அதன் தெருக்கதவை அடைத்துவிடலாம். லாரிகளைத் தடுக்க வேண்டியதும் இல்லை. இதைப் போன வருடமே நீ என்னிடம் சொன்னாய். பிரிட்ஜ் வைக்கிற இடத்தில் பிள்ளைகளை வைக்கச் சொல்கிறாயா என்று நான் சிரித்தேன். வாசலுக்கு வேண்டிய நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுப்பதாக நகராட்சியில் சொல்லிவிட்டேன். சரக்கை வேறு இடத்துக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டேன். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "போன தடவை எதிர்த்துப் பேசினது நீங்கதானே? இல்லை, உங்க தம்பியா?" என்றார். நான்தான் என்றேன்.

அஸ்மஹான் அம்மாவைப் பார்க்கப் போனேன். நடைவழியில் வெகுநேரம் உட்கார வைத்தார். பிள்ளைகள் கடந்து போகும்போது ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். கடைசியில் உள்ளே கூப்பிட்டு, நின்றபடியே சொன்னார்: "உங்க நிலம் எங்களுக்கு வேணும். வாங்கிக்கறோம். உங்க பேச்சு வேண்டாம்." நீ போகும்போது எழுதிக் கொடுத்த ராஜினாமாவை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டேன். "அது எனக்கும் ரபாபுக்கும் நடுவுல. நீங்க யாரு கேக்கறதுக்கு?" என்றார். ஃபத்வா கேட்ட அதே கேள்வி. ஆனால் நான் வெளியே வரும்போது, உன் முதல் வகுப்புக்கு இன்னும் வேறு டீச்சரைப் போடவில்லை என்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். எனக்காக அதைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ரீனாதின் மோதிரத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நிச்சயம் முறிந்துவிட்டது. தீமாவை ஊருக்கு அந்தக் கடைசியில் வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் என் கடையைத் தாண்டித்தான் வேன் போகிறது. அவள் சில நாள் கையசைக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் கையசைக்கிறேன், பிறகு கொஞ்ச நேரம் கடைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நான் கிடங்கையே எழுதிக் கொடுத்தாலும் இந்த இரண்டும் சரியாகப்போவதில்லை.

வருகிற மாதம் குழு மறுபடி கூடுகிறது. என்ன முடிவு செய்வார்கள் என்று தெரியாது. அபூ ஷாகிர் இப்போது வேறு ஒருவரைப் பேசத் தயார் செய்கிறார். ஆம்புலன்ஸை மறித்தது என் லாரி என்று எழுந்து சொல்லிவிட்டு உட்காருவதுதான் என் வேலை. ஃபத்வாவிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். உடன்பட்டாள், ஒரு நிபந்தனையோடு: "எம்பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லிக்கூட அவ பேச்சை எடுக்காதீங்க." சரி என்றேன். சத்தியம் செய்து தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "உங்க வீட்டுல ஒருத்தர் சத்தியம் எனக்குப் போதும்" என்றாள். அவள் இன்னும் உன்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறாள், ரபாப். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். என்னால் உன் பெயர் கெட்டது என்று நீ அங்கே உட்கார்ந்து மறுக வேண்டாம்.

முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியுமுன் குளிர்கால விடுமுறை வந்துவிடும் என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதற்காக நீ வருவதாக இருந்தால், சந்தைத் தெருவில் இறங்காதே. கீழ்ச்சாலையில் நிறுத்தச் சொல்லி லுவாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கிடங்குக் கதவின் பூட்டை எடுத்துவிட்டேன். பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்தாகிவிட்டது, அஸ்மஹான் அம்மா அனுமதி கொடுத்துத்தான். அதன் வழியே நேராக உன் வகுப்புக்குப் போகலாம், அப்படியே திரும்பியும் போகலாம். நம் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. பள்ளி நேரத்தில் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

நீ நடக்கிற வழியெல்லாம் இறைவன் உனக்கு எளிதாக்கட்டும்.

நாயிஃப்